கேள்வி பதில்: சிறிய அளவில் ஃபைபர் இணையச் சேவை தொடங்குவோருக்கு

சொந்தமாக ஒரு சிறிய ஃபைபர் இணையச் சேவையைத் தொடங்குவது பற்றி இம்முறை பல வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏறத்தாழ 300 வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். என்னென்ன கருவிகள் தேவைப்படும், அவற்றுள் எதை முதலில் வாங்க வேண்டும்?

பதில்: எந்தக் கருவிக்கும் விலை பேசுவதற்கு முன், சேவை கொடுக்கப்போகும் பகுதி முழுவதும் நடந்து, ஒவ்வொரு வீட்டையும் கம்பத்தையும் தெருத் திருப்பத்தையும் ஒரு வரைபடத்தில் குறித்து, கேபிள் போகும் வழியின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் 800 மீட்டராகத் தெரியும் தூரம், கம்பம் கம்பமாகக் கேபிள் வளைந்து செல்வதையும் ஜாயிண்ட் பெட்டிகளில் சுருட்டிவைக்கும் மிச்சத்தையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டரை எட்டிவிடக்கூடும். பெட்டிகளை வாங்கிவிட்டு அதன்பிறகு கேபிள் வழியை யோசிப்பவர்களே இத்தொழிலில் அதிகம் நஷ்டப்படுகிறார்கள் என்பது என் அனுபவம். மின்னணுக் கருவிகளைச் சில ஆண்டுகளில் கழற்றி மாற்றிவிடலாம். கம்பத்தில் ஏறிய கேபிளையும் அதில் போட்ட ஒட்டுகளையும் அப்படி மாற்ற முடியாது. இன்று நீங்கள் பயன்படுத்தப்போகும் ஜிபான் முறை (ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஃபைபர் முறை) வீட்டை நோக்கி 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும் வீட்டிலிருந்து 1310 நானோமீட்டரிலும் ஒளியை அனுப்புகிறது. அதற்கு அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் 1577, 1270 என்னும் வேறு அலைநீளங்களில் இயங்குவதால், ஒரே இழையில் இரண்டையும் சேர்த்தே ஓட்ட முடியும். ஆகவே கேபிளைக் கவனமாகப் போட்டுவிட்டால், வேகத்தைக் கூட்டும் நாள் வரும்போது இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளை மாற்றினாலே போதுமானது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். உங்களுக்கு மொத்தமாக இணையம் தரும் மேல்நிலை நிறுவனத்திடமிருந்து வரும் இணைப்பு முதலில் உங்கள் ரவுட்டரில் சேரும். அங்கிருந்து ஒரு ஸ்விட்ச் வழியாக ஓஎல்டி எனப்படும் மையப் பெட்டிக்குச் செல்லும். ஓஎல்டியின் ஒவ்வொரு பான் போர்ட்டிலிருந்தும் (இழை செருகும் வாயிலிலிருந்தும்) ஓர் ஒற்றை இழை புறப்பட்டு, வழியில் மின்சாரமே தேவைப்படாத ஸ்ப்ளிட்டர்களில் கிளைபிரிந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒளியை இணைய இணைப்பாக மாற்றித் தரும் ஓஎன்யு பெட்டியில் முடியும். ஒரு போர்ட்டை 32 வீடுகளாகப் பிரித்தால் 300 வீடுகளுக்குக் கணக்கில் பத்துப் போர்ட்டுகள் போதும். ஆனால் வீடுகள் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகக் கூடி அமைந்திருப்பதில்லை என்பதால், சில ஸ்ப்ளிட்டர்களில் கால்கள் (பிரிந்து வெளிவரும் இழைகள்) காலியாகவே நிற்கும். எனவே 16 போர்ட்டுகளுக்குத் திட்டமிடுங்கள். அதையும் 16 போர்ட் கொண்ட ஒரே பெட்டியாக வாங்காமல், 8 போர்ட் கொண்ட இரண்டாக வாங்குங்கள் என்றே சொல்வேன். ஒன்று பழுதானால் பாதி வாடிக்கையாளர்களாவது இணைப்பில் இருப்பார்கள். காலியாக உள்ள போர்ட்டுகளுக்கு முக்கியமான இழைகளை உடனே மாற்றியும் விடலாம்.

ஜிபானில் ஒரு போர்ட்டின் கீழ்நோக்கு வேகம் நொடிக்கு 2.488 ஜிகாபிட், மேல்நோக்கு வேகம் 1.244 ஜிகாபிட். முப்பத்திரண்டு வீடுகளும் ஒரே நொடியில் முழுமூச்சாகத் தரவிறக்கினாலும் ஒவ்வொன்றுக்கும் 70 மெகாபிட்டுக்குக் குறையாமல் கிடைக்கும். நடைமுறையில் எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. ஆகவே வேகம் குறைகிறது என்று புகார் வரும்போது பான் போர்ட்டைச் சந்தேகிப்பதற்கு முன், மேல்நிலை இணைப்பின் மாலை நேரப் பயன்பாட்டு வரைபடத்தைப் பாருங்கள்.

மேற்சொன்னவற்றோடு சேர்த்து வாங்க வேண்டியவை இழைகளை உருக்கி ஒட்டும் ஃப்யூஷன் ஸ்ப்ளைசிங் இயந்திரம் ஒன்று, இழை முனையை நேராக வெட்டும் நல்ல கிளீவர், ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டர், சிவப்பு ஒளி அடிக்கும் சோதனைப் பேனா, கனெக்டர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சிறு நுண்ணோக்கி, துடைப்பான்கள் ஆகியவை. கேபிளில் அறுபட்ட இடத்தின் தூரத்தைக் காட்டும் ஓடிடிஆர் கருவியைத் தொடக்கத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நுண்ணோக்கியையும் துடைப்பானையும் மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஒரு போர்ட்டில் 64 வீடுகள் வரை இணைக்கலாம் என்று ஓஎல்டி விற்பவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் போர்ட்டுகள் மிச்சமாகும் அல்லவா?

பதில்: ஓஎல்டி 64 ஓஎன்யுக்களைக் கணக்கில் ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அறுபத்து நான்காவது வீட்டை ஒளி போய்ச் சேருமா என்பதை மென்பொருளைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அதற்கு ஒளி இழப்புக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். கடினமான கணக்கன்று, கூட்டல் தெரிந்தால் போதும்.

ஓஎல்டியில் செருகும், ஒளியை அனுப்பிப் பெறும் சிறுகருவியான எஸ்எஃப்பியில் பி-பிளஸ் வகை, ஓஎன்யுவுக்குப் போய்ச் சேருவதற்குள் 28 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) வரை இழப்பைத் தாங்கும். சி-பிளஸ் வகை 32 டெசிபல் வரை தாங்கும். உங்கள் கடைசி வீடு 6 கிலோமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1310 நானோமீட்டரில் இழை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபல் விழுங்கும் என்பதால் தூரத்துக்கு 2.1. வழியில் ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றும், அதற்குப் பின் ஒன்றை எட்டாகப் பிரிப்பது ஒன்றும் இருந்தால் அவற்றுக்கு முறையே 7.2, 10.5 என மொத்தம் 17.7. எட்டு ஒட்டுகளுக்கு ஒவ்வொன்றும் 0.1 வீதம் 0.8. ஆறு கனெக்டர்களுக்கு 0.4 வீதம் 2.4. ஆக 23 டெசிபல். இத்துடன் பிற்காலத்தில் கேபிள் அறுந்து புதிதாகப் போடப்படும் ஒட்டுகளுக்காகவும், கருவிகள் முதுமையடைவதற்காகவும் 3 டெசிபல் கைகாவலாகச் சேருங்கள்: 26. பி-பிளஸின் 28-க்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது முதல் ஸ்ப்ளிட்டரையும் எட்டாக்கி, 64 வீடுகளாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்ப்ளிட்டர் இழப்பு 21 ஆகிறது, மொத்தம் 26.3, கைகாவலைச் சேர்த்தால் 29.3. வரம்பைத் தாண்டிவிட்டது. பொருத்திய அன்று விளக்குப் பச்சையாகத்தான் எரியும். கேபிளில் இரண்டு முறை ஒட்டுப் போட்ட பிறகு, கடைக்கோடி வீடுகளில் இணைப்பு வந்துவந்து போகத் தொடங்கும். 64 வேண்டுமென்றால் சி-பிளஸ் எஸ்எஃப்பி வாங்குங்கள், அல்லது அருகில் உள்ள தெருக்களுக்கு மட்டும் 64, தொலைவில் உள்ளவற்றுக்கு 32 என்று பிரித்து வையுங்கள். வீடுகள் ஒரே நீண்ட சாலையோரமாக வரிசையாக இருந்தால், ஒவ்வொரு கம்பத்திலும் ஒளியில் சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை முன்னே அனுப்பும் சமனற்ற கப்ளர்களைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் ஒவ்வொரு கம்பத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும் என்பதோடு, நடுவில் ஒன்று கெட்டால் அதற்கு அப்பால் உள்ள அனைவரும் இருளில் விழுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் வலையமைப்பில் ஒரு தெருவில் எல்லா ஓஎன்யுக்களிலும் ஒளி அளவு மைனஸ் 26-க்கும் 27-க்கும் இடையில் காட்டுகிறது. இணையம் வேலை செய்கிறது. கேபிள் போட்டுக்கொடுத்த ஒப்பந்தக்காரர், வேலை செய்யும்போது எதற்குக் கவலை என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. ஓஎன்யுவின் ஏற்புத்திறன் மைனஸ் 27 டிபிஎம் (ஒளி வலிமையின் அலகு; மைனஸுக்குப் பின்னுள்ள எண் கூடக் கூட ஒளி குறைவு) அளவில்தான் முடிகிறது. நீங்கள் கிணற்றுச் சுவரின் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

முந்தைய பதிலில் சொன்ன கணக்கை உங்கள் தெருவுக்குப் போடுங்கள். ஓஎல்டி பிளஸ் 3 டிபிஎம் அனுப்பினால், 1490 நானோமீட்டரில் இழை இழப்புச் சற்றுக் குறைவு என்பதால், அந்த 6 கிலோமீட்டர் எடுத்துக்காட்டில் வீட்டில் மைனஸ் 19-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கும் அதை ஒட்டியிருந்தால், ஏழு டெசிபல் வழியில் எங்கோ காணாமல் போகிறது. ஏழு டெசிபல் என்றால் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கே போய்ச் சேருகிறது என்று பொருள். ஒரு தெரு முழுவதும் ஒரே அளவில் குறைந்திருப்பதால், குற்றம் வீடுகளுக்குள் இல்லை. அந்தத் தெருவுக்குப் பொதுவான ஸ்ப்ளிட்டரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. ஓஎல்டியிலிருந்து வெளியே செல்லும் வரிசையிலேயே ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பவர் மீட்டரால் அளந்துகொண்டே போனால், எந்தப் பெட்டியைத் தாண்டியதும் அளவு கணக்கிலிருந்து விலகுகிறது என்பது தெரிந்துவிடும்.

அங்கே முதலில் கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். பச்சை நிறக் கனெக்டர் ஏபிசி வகை, அதன் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீல நிறம் யுபிசி வகை, அதற்குச் சாய்வு கிடையாது. இரண்டும் ஒன்றில் ஒன்று செருகிக்கொள்ளும் என்பதுதான் ஆபத்து. செருகினால் முகங்கள் பொருந்தாமல் இடைவெளி விழுந்து ஒளி சிதறுவதோடு, முகங்களும் கீறலடையும். நான் பொறுப்பேற்றிருந்த ஒரு வலையமைப்பில் எட்டு வீடுகள் மாதக்கணக்கில் விட்டுவிட்டு இயங்கியதற்குக் காரணம், அவசரத்தில் பச்சை அடாப்டரில் யாரோ செருகிவிட்டுப்போன ஒரு நீல பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள சிறு இழைத்துண்டு). பொருத்திய நாளின் அளவுகளை எழுதிவைத்திருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. எழுதாமல் விட்டிருந்தால் அந்த எட்டு வீடுகளும் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் என்று நினைத்துக் கடந்துபோயிருப்போம்.

நிறம் சரியாக இருந்தால் அழுக்கைப் பாருங்கள். ஒற்றைமுறை இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று அதை அடைத்துவிடும். விரல் பட்ட கனெக்டரைத் துடைக்காமல் செருகினால், எதிர்முகத்தையும் அது அழுக்காக்கும். புதிய பேட்ச் கார்டாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் நுண்ணோக்கியில் பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்த பின்னரே செருகுங்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் முன் எதிர்முனையிலிருந்து ஒளி வரவில்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது என்பதால், தெரியவில்லையே என்று உற்றுப்பார்ப்பது விழித்திரைக்குக் கேடு.

அழுக்கும் இல்லையென்றால் வளைவு. பெட்டிக்குள் இழையை இறுக்கிச் சுருட்டியிருந்தாலோ, கேபிள் டை போட்டு நெரித்திருந்தாலோ ஒளி பக்கவாட்டில் கசியும். வளைவால் ஏற்படும் இழப்பு நீண்ட அலைநீளங்களில் அதிகம். அதனால் ஓடிடிஆரில் 1310, 1550 இரண்டிலும் அளந்து, ஒரே இடத்தில் 1550-இல் மட்டும் பெரிய படிக்கட்டு விழுந்தால் அங்கே இழை மடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டிலும் ஒரே அளவு விழுந்தால் ஒட்டு சரியில்லை. ஒப்பந்தக்காரருக்கு முழுப் பணமும் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு ஸ்ப்ளிட்டர் காலிலும் எதிர்பார்த்த அளவு என்ன, கிடைத்த அளவு என்ன என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கு பிபிபிஓஇ வைப்பதா, டிஎச்சிபி வைப்பதா? ஐபி முகவரிகள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. அதற்கு என்ன வழி?

பதில்: பிபிபிஓஇ, டிஎச்சிபி இரண்டும் வீடுகளுக்கு ஐபி முகவரி கொடுத்து இணையத்தில் சேர்க்கும் முறைகள். முதல் கேள்விக்கு விடை உங்கள் பணியாளர்களைப் பொறுத்தது. பிபிபிஓஇயில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பயனர்பெயர் உண்டு. யார் எப்போது வந்தார், எவ்வளவு பயன்படுத்தினார் என்பதெல்லாம் வாடிக்கையாளர் கணக்குகளைக் காக்கும் ரேடியஸ் சர்வரில் எளிதாகப் பதிவாகும். அதற்கு ஈடாக ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் போய்விடுவதால் எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 ஆகும். ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை (பாக்கெட்டில் தரவுக்கான பங்கை) அதற்கேற்பத் திருத்தும் விதியைப் போட மறந்தால், சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்று விசித்திரமான புகார்கள் வரும். டிஎச்சிபியில் இந்தச் சுமை இல்லை, ஆனால் யாருடைய முகவரி எது என்பதை அறிய, ஓஎல்டி தானே போர்ட் எண்ணையும் ஓஎன்யு எண்ணையும் கோரிக்கையில் சேர்த்து அனுப்புமாறு அமைக்க வேண்டும். முதன்முறையாகச் சேவை தொடங்குபவருக்கு பிபிபிஓஇ பிழை கண்டறிய எளிதானது என்பது என் கருத்து. எதை வைத்தாலும், ஓஎன்யுக்கள் ஒன்றையொன்று நேரடியாகப் பார்க்க முடியாதபடி ஓஎல்டியில் தடுத்துவையுங்கள். வீட்டு ரவுட்டரில் கம்பியை மாற்றிச் செருகிய ஒருவர், தெரு முழுவதற்கும் தவறான முகவரிகளை விநியோகிக்கும் கொடுமையை அது தவிர்க்கும். ஓஎல்டியின் நிர்வாக முகவரியைத் தனி விலேனில் (அதே கருவிகளுக்குள் பிரித்துவைத்த தனி வலைப்பகுதி) வைத்து, இணையத்திலிருந்து எட்டாதபடி மூடி, தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

முகவரிப் பஞ்சம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. ஐபிவி4 முகவரிகளின் உலகப் பொதுத்தொகுப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. எனவே ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் சிஜிநாட் முறையைத் தவிர்க்க முடியாது. அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட 100.64.0.0/10 தொகுப்பை உள்ளே பயன்படுத்துங்கள். வீட்டு ரவுட்டர்கள் பயன்படுத்தும் 192.168 முகவரிகளோடு அது மோதாது. ஒரு பொது முகவரியில் முதல் 1,024 போர்ட் எண்களை (இவை ஓஎல்டியின் போர்ட்டுகள் அல்ல, இணைப்புகளைப் பிரித்தறியும் மென்பொருள் எண்கள்) ஒதுக்கிவிட்டால் 64,512 எஞ்சும். வீட்டுக்கு 2,000 போர்ட் என்று நிலையாகப் பங்கிட்டால் ஒரு முகவரியில் 32 வீடுகள் அடங்கும், 300 வீடுகளுக்குப் பத்து முகவரிகள் போதும். பங்கீடு நிலையானது என்பதால் ஒவ்வொரு இணைப்பையும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. எந்த வீட்டுக்கு எந்த எண்வரிசை என்னும் ஒரே அட்டவணையிலிருந்து, பின்னர் விசாரணை வந்தால் விடை சொல்லலாம்.

அதே நாளில், முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6-ஐயும் இயக்கிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு /56 தொகுப்பைக் கொடுத்தாலும், அதைவிடப் பெரிய /32 தொகுப்பு ஒன்றில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அடங்கும். பெரிய காணொளித் தளங்கள் பலவும் ஐபிவி6-இல் கிடைப்பதால் சிஜிநாட்டின் சுமை கணிசமாகக் குறையும்.

கேள்வி: ஒரு போர்ட்டில் உள்ள 32 வீடுகளும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படுகின்றன, சில நிமிடங்களில் பாதி திரும்புகின்றன, மறுபடி போகின்றன. வீடுகளில் ஒளி அளவு நன்றாகவே இருக்கிறது. எஸ்எஃப்பியை மாற்றியும் பயனில்லை.

பதில்: உங்கள் வரிசையில் ஒரு ஓஎன்யு முறைதவறிப் பேசிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கீழ்நோக்கி வரும் ஒளியை எல்லா வீடுகளும் கேட்கின்றன. மேல்நோக்கிப் பேசும்போதோ, ஓஎல்டி ஒதுக்கும் மிகச் சிறிய நேரத்துண்டில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். ஒரு ஓஎன்யுவின் லேசர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், மற்ற எல்லாக் குரல்களும் அதில் மூழ்கிப்போகும். வீடுகளில் அளக்கும் ஒளி கீழ்நோக்கி வருவது என்பதால் அந்த அளவில் எந்தக் குறையும் தெரியாது. வாடிக்கையாளர் யாரேனும் ஓஎன்யுவைக் கழற்றிவிட்டுச் முறை பார்க்காமல் ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கும் சாதாரண மீடியா கன்வர்ட்டரைச் செருகியிருந்தாலும் இதே விளைவுதான்.

முதலில் ஓஎல்டியிலிருந்து ஒவ்வொரு ஓஎன்யுவாக முடக்கிப் பாருங்கள். லேசர் சிக்கிக்கொண்டிருந்தால் கட்டளைக்கு அது பணியாது. அப்போது (மேலே சொன்ன நான்கு, எட்டு என்னும் பிரிப்பே உங்களுடையதும் என்று கொண்டால்) முதல் ஸ்ப்ளிட்டருக்குச் சென்று, நான்கு கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்றவை உயிர்பெறுகின்றனவோ அந்தக் காலில்தான் குற்றவாளி இருக்கிறது. பிறகு அதன் கீழுள்ள எட்டுக் கால்களில் அதையே செய்யுங்கள். முப்பத்திரண்டு வீடுகளின் கதவைத் தட்டாமல், அதிகபட்சம் பன்னிரண்டு சோதனைகளில் முடிந்துவிடும். முதல் ஸ்ப்ளிட்டரின் கால்களை நேரடியாக ஒட்டிவிடாமல் கனெக்டர் வைத்துப் பொருத்துங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அரை டெசிபல் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

கேள்வி: மின்தடையின்போது எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க எவ்வளவு பேட்டரி வேண்டும்?

பதில்: ஓஎல்டி, ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 250 வாட் எடுக்கின்றன என்று கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 2,000 வாட்-மணி வேண்டும். 48 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரித் தொகுதியில் பெயரளவில் 4,800 இருக்கும். ஆயுள் குறையாமல் அதில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் 2,400, அதாவது போதுமானது. வாட் அளவைக் கருவியின் காகிதத்திலிருந்து எடுக்காமல் மீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஓஎல்டிக்களில் மைனஸ் 48 வோல்ட் நேர்மின்னோட்ட (டிசி) உள்ளீடும் கிடைக்கும். அதை நேரடியாகப் பேட்டரித் தொகுதியில் இணைத்துவிட்டால், நடுவில் இன்வெர்ட்டர் விழுங்கும் மின்சாரம் மிச்சமாவதோடு, கெட்டுப்போகக்கூடிய ஒரு கருவியும் குறையும். ரேக்குக்கு நல்ல எர்த் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்னல் பாயாது என்றாலும், கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியில் பாயும். அக்கம்பியை அறைக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே எர்த்தில் இணைத்து முடித்துவிடுங்கள்.

வீட்டு ஓஎன்யுவுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மின்சாரம் போகும் கடைசி நொடியில் ஓஎன்யு அனுப்பும் ‘டையிங் கேஸ்ப்’ செய்தி ஓஎல்டியின் பதிவில் தெரியும். அது வந்திருந்தால் வீட்டில் மின்தடை. ஒரு தெரு முழுவதும் அது வராமலேயே மறைந்திருந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, உடனே ஏணியை எடுக்கலாம்.

கேள்வி: ஓஎல்டியும் ஓஎன்யுவும் வந்துவிட்டன, கேபிள் இன்னும் போடவில்லை. மேசையில் வைத்து ஒரு பேட்ச் கார்டால் நேரடியாக இணைத்துச் சோதிக்கலாமா?

பதில்: நேரடியாக இணைக்காதீர்கள். பி-பிளஸ் ஓஎல்டி பிளஸ் 1.5 முதல் பிளஸ் 5 டிபிஎம் வரை அனுப்பும். ஓஎன்யு தாங்குவது மைனஸ் 8 வரைதான். நடுவில் ஒளியை 15 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றையோ, ஒன்றை 32 ஆகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரையோ வையுங்கள். ஸ்ப்ளிட்டரையே வைத்துவிட்டால், கேபிள் ஏறுவதற்கு முன் அதன் 32 கால்களையும் அளந்து குறித்துக்கொள்ளும் வேலையும் அப்போதே முடிந்துவிடும்.